நம்பிக்கை கைமாத்துக்குக் கிடைக்கும்

உட்காரு மாப்ளே. அந்தப் பக்கமா உட்காரு. இந்தப் பக்கம் கட்டில் கயிறு தொங்கிப்போச்சு, உட்கார்ந்தா எந்திரிக்க ரெண்டு ஆள் வேணும். மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதே, ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சவன் விடியிற வரைக்கும் தூங்கலன்னு. குழுக் கடன், சொசைட்டியில வச்ச நகை, மக காலேஜ் ஃபீஸு, மோட்டார் காயிலுன்னு ஒவ்வொண்ணாப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பே. எல்லாரும் ஆஜரா? ஒருத்தரும் லீவு போடலியே? இன்னிக்கு ராத்திரியும் வரச் சொல்லியிருக்கியா?

நேத்து உங்க ஆத்தா வந்து மூக்கைச் சிந்திட்டுப் போனா. 'அண்ணே, தோப்புப் பக்கமே போறதில்ல, சோறு எறங்கல, போனையே பார்த்துக்கிட்டுப் படுத்துக் கெடக்கான்'னா. போன்ல என்னத்தப் பார்க்குறான்னு கேட்டேன். கோட்டு போட்ட ஒருத்தர் மேடையில நின்னுக்கிட்டு 'உன்னால் முடியும், நினைத்தால் வெல்லலாம்'னு தொண்டை கிழியக் கத்துறாராம். நீ அதைப் படுத்துக்கிட்டே பார்க்குறியாம். அதுதான் மாப்ளே எனக்கு ரொம்பப் பிடிச்சது. எங்க காலத்துல வெல்லணும்னா எந்திரிக்கவாவது செய்யணும்.

நானும் விடல. அவர் சொன்னபடியே நேத்து மத்தியானம் கண்ணை மூடிக்கிட்டு, மரத்துல ஏறி எளநி பறிக்கிறதா நல்லா நெனச்சுப் பார்த்தேன். ஒரு எளநியும் விழல. தூக்கம்தான் வந்துச்சு.

இதை என் பேத்திகிட்ட சொன்னேன். அதான், மனசு சம்பந்தமா என்னமோ படிக்குதே, அவதான். லீவுக்கு வந்தா இதே கட்டில்ல உட்கார்ந்து படிச்சதையெல்லாம் எனக்கு ஒப்பிப்பா. பரீட்சைக்கு அவளுக்கு ஆகும், பொழுதுக்கு எனக்கு ஆகும். 'தாத்தா, உங்களுக்குத் தூக்கம் வந்ததுக்கே காரணம் இருக்கு'ன்னா. கேப்ரியேல் எட்டிங்கன்னு ஜெர்மனியில பொறந்த அம்மா ஒருத்தர், நியூயார்க்ல பேராசிரியரா இருக்காங்களாம். 2011ல இன்னொருத்தரோட சேர்ந்து சோதனை பண்ணியிருக்காங்க. சில பேரை உட்கார வச்சு, ஆசைப்பட்டதெல்லாம் அப்படியே நடந்துட்டதா இனிக்க இனிக்கக் கற்பனை பண்ணச் சொல்லி, அதுக்கப்புறம் ரத்த அழுத்தத்தை அளந்தா, ஏறல, எறங்கியிருக்கு. உடம்புக்கு என்ன தெரியும் பாவம். கெடைச்சுட்டதாக்கும்னு நெனச்சுக் காலை நீட்டிடுது. நீ மூணு மாசமா அந்தக் கோட்டுக்காரரைப் பார்த்துக் காலை நீட்டிக்கிட்டு இருக்கே. அவர் மேல தப்பே இல்ல. அவர் நின்னுக்கிட்டுத்தானே பேசுறாரு?

அப்ப நம்பிக்கையே வேண்டாமாங்கிறியா? பொறு. உனக்கு எதுலயும் அவசரம், கடன் வாங்குறதுலயும்.

அமெரிக்காவுல கான்சாஸ்னு ஒரு இடம், அங்க சி.ஆர்.ஸ்னைடர்னு ஒரு வாத்தியார் இருந்தாரு, 2006ல காலமாயிட்டாரு. நம்பிக்கையை அளக்குறேன்னு 1991ல 12 கேள்வி போட்டாரு. அதுல நாலு, வழி தெரியுமான்னு கேக்கும். நாலு, கெளம்புறதுக்குத் தெம்பு இருக்கான்னு கேக்கும். மிச்சம் நாலு கணக்குலயே சேராது, ஆள் சுதாரிச்சுடக் கூடாதுன்னு சும்மா கலந்துவிட்டது. நம்ம கிராமசபைக் கூட்டத்துல அந்த நாலுதான் ரெண்டு மணி நேரம் ஓடும். அவர் கணக்கு இதுதான்: எங்க போகணும்னு தெரியணும், போறதுக்கு ஒரு வழி அடைச்சா இன்னொரு வழி தெரியணும், எந்திரிச்சுக் கெளம்பணும். 'எல்லாம் நல்லபடியா நடக்கும்'னு சொல்றவனுக்கு அவர் மார்க்கே போடல, பாத்துக்க. அப்படி அளந்து பார்த்தா, மார்க்கு கூட வாங்குறவங்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் கொறச்சலா இருக்குதுன்னு பல பேர் பல எடத்துல கண்டிருக்காங்க.

என் பேத்தி லேசுப்பட்டவ இல்ல, அதுலயும் ஒரு கொக்கி போட்டா. நம்பிக்கை இருக்கறதால சோர்வு வரலியா, சோர்வு வராததால நம்பிக்கை மிஞ்சியிருக்கான்னு ஒரு தடவை அளந்து சொல்லிட முடியாதாம். சோர்வு வந்தா மொதல்ல அது தின்னுறதே நம்பிக்கையைத்தானாம். அப்ப, சோர்ந்து கெடக்குறவன்கிட்ட போய் 'நம்பிக்கையா இருடா'ங்கிறது என்ன நியாயம்? உன்கிட்ட அதைச் சொல்ல வந்தவங்க பட்டியல் எடுத்தா வாக்காளர் பட்டியலை விட நீளமா இருக்கும். கையில காசில்லாதவன்கிட்ட 'செலவு பண்ணு, செலவு பண்ணு'ன்னா எங்கேர்ந்து பண்ணுவான்? யாராவது கைமாத்துக் குடுக்கணும்.

இதைச் சொல்லத்தான் உன்னைக் கூப்பிட்டேன். நம்பிக்கைங்கிறது கைமாத்துக்குக் கெடைக்கும் மாப்ளே. பாண்டு பேப்பர் வேண்டாம், ஜாமீன் கையெழுத்து வேண்டாம், வாரா வாரம் வாசல்ல வந்து நிக்க மாட்டாங்க. ஊர்ல உள்ள கடனெல்லாம் வாங்கிட்டே, இது ஒண்ணைத்தான் வாங்க மாட்டேங்கிறே. கேட்டா கௌரவம்.

முன்னாடி வாங்கியிருக்கே, ஞாபகம் இல்லியா? 2018 நவம்பர் 16, விடியக்காலம். வேதாரண்யம் பக்கம் கரையேறுன கஜா புயல் நம்ம பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஆலங்குடின்னு மேற்கால போயிக்கிட்டே இருந்துச்சு. வெளிச்சம் வந்ததும் வாசல்ல நின்னு பார்த்தா, வீட்டுலேர்ந்து பெரிய ஏரிக் கரை தெரியுது. அதுவரைக்கும் தெரிஞ்சதே இல்ல, நடுவுல தோப்பு இருந்துச்சு. உங்க தாத்தா வச்ச மரம் அத்தனையும் ஒரே திசையில படுத்துக் கெடந்துச்சு. சர்க்கார்ல மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 ரூபான்னாங்க. ஹெக்டேருக்கு 175 மரம்னு கணக்கு வச்சு 1,92,500. அம்பது வருஷத்து மரத்துக்கு 600ன்னதும் நீ என்ன சொன்னே தெரியுமா? 'பரவாயில்ல மாமா, என் கல்யாணத்துக்கு நீங்க எழுதுன மொய்யை விடக் கூடத்தான்'னே. கூட்டமே சிரிச்சுச்சு. எனக்கு மட்டும் அந்தப் பகை இன்னும் தீரல.

அப்படிப்பட்ட வாய்டா உனக்கு. அன்னிக்கு மொத்தமும் போயிருந்துச்சு, ஆனா நீ நின்னே. இன்னிக்கு அதுல பாதிகூடப் போகல, படுத்துட்டே. ஏன்னு யோசிச்சியா?

நான் யோசிச்சேன். எனக்கு வேற வேலை என்ன. அன்னிக்கு ஊர்ல எந்த வீட்டுலயும் கரண்ட் இல்ல, எவன் வீட்டுலயும் தனி அடுப்பு எரியல. கோயில் வாசல்ல ஒரே உலை. ரம்பம் வச்சிருந்தவன் ஒருத்தன், அதைப் பிடிக்க ஊரே நின்னுச்சு. மின்வாரியத்து ஆளுங்க எந்தெந்த மாவட்டத்துலேர்ந்தோ வந்து, முழங்கால் சேத்துல போஸ்ட் நட்டாங்க. உங்க ஆத்தா அவங்களுக்குக் கட்டஞ்சாயா போட்டுக் குடுத்துக்கிட்டே இருந்தா. காலையில எந்திரிச்சா இன்ன மரத்தை இழுக்கணும்னு ஒரு வேலை இருந்துச்சு. ஒரு வாரத்துக்கு அப்புறம் என்ன ஆகும்னு யோசிக்க உனக்கு நேரமும் இல்ல, யாரும் விடவும் இல்ல. அப்புறம் வேப்பங்குளம் ஆராய்ச்சி நிலையத்துக்கும் வீட்டுக்கும் அலைஞ்சு கன்னு வாங்கியாந்து, 25 அடிக்கு ஒண்ணுன்னு வச்சே. நெட்டைக் கன்னு, காய்க்க ஆறேழு வருஷம் ஆகும்னு தெரிஞ்சே வச்சே. நடுவுல உளுந்து போட்டே, கடலை போட்டே. அந்த ஸ்னைடர் வாத்தியார் அன்னிக்கு நம்ம ஊருக்கு வந்து 12 கேள்வி கேட்டிருந்தா, உனக்கு நூத்துக்கு நூறு போட்டுட்டுப் போயிருப்பாரு.

இப்ப வந்திருக்கறது புயல் இல்ல. சுருள் வெள்ளை ஈ வந்து மட்டையெல்லாம் கருப்படிச்சுப் போகுது. கஜாவுல விழுந்த மரத்தை இழுக்க முடியாம அப்படியே மக்க விட்டோமே, அதுல பெருகுன காண்டாமிருக வண்டு கன்னுக் குருத்தைக் குடையுது. வியாபாரி சொல்றதுதான் வெலை. வட்டி தூங்குறதே இல்ல. எல்லாம் சின்னச் சின்னதா, மெதுமெதுவா, உனக்கு மட்டும் வருது. புயலுக்கு ஒரு பேர் வச்சாங்க, டிவியில காட்டுனாங்க, அரிசி மூட்டை வந்துச்சு. உன் வட்டிக்கு யாரு பேர் வச்சா? நீயும் யார்கிட்டயும் சொல்லல. டீக்கடையில 'எப்படி இருக்கே'ன்னா 'சூப்பரா இருக்கேன்'ங்கிறே. அப்புறம் எவன் ரம்பம் பிடிக்க வருவான்?

மன உறுதின்னா அழாம, யார்கிட்டயும் சொல்லாம, கல்லாட்டம் இருக்கறதுன்னு உனக்கு எவன் சொன்னான்? அந்தக் கோட்டுக்காரர்தானா?

ஒரு நாய்க் கதை சொல்றேன். கோச்சுக்காதே, கடைசியில நாய்க்கு நல்லதுதான் நடக்குது. அமெரிக்காவுல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர்னு ரெண்டு பேர், அப்ப சின்னப் பசங்க. 1967ல நாய்ங்களை வச்சு ஒரு சோதனை. சில நாய்ங்களுக்கு, என்ன பண்ணாலும் நிக்காதபடி மின்சாரம் குடுத்தாங்க. மறுநாள் அதுங்களை வேற பெட்டியில விட்டாங்க. நடுவுல சின்னத் தடுப்பு, தாண்டுனா அந்தப் பக்கம் ஷாக் இல்ல. புதுசா வந்த நாய்ங்க தாண்டிக் குதிச்சுப் போயிடுச்சு. முன்னாடி அடிபட்ட நாய்ங்கள்ல பாதிக்கு மேல, தாண்டாம, முனகிக்கிட்டு அங்கேயே படுத்துடுச்சு. வழி கண்ணு முன்னால இருக்கு, தாண்டல. கேக்கவே எனக்குப் பிடிக்கல மாப்ளே. வாயில்லா ஜீவனை வச்சு இப்படியா கத்துக்கணும்னு பேத்திகிட்ட சண்டை போட்டேன். ஆனா அதுக்கு அடுத்த வருஷம் அவங்க செஞ்சது என்னன்னு கேளு. படுத்த நாய்க்குக் கழுத்துல கயிறு மாட்டி, இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கத்துக்குத் தரதரன்னு இழுத்தாங்க. திரும்பத் திரும்ப இழுத்தாங்க. மொதல்ல பாரமாக் கெடந்துச்சாம். போகப் போக இழுக்குற கைக்குப் பாரம் கொறஞ்சுதாம். அப்புறம் அதுவே தாண்டிடுச்சு.

அந்தக் கயித்தைத்தான் நான் கைமாத்துங்கறேன். நாய்க்கு நம்பிக்கை வந்து தாண்டல. வேற யாரோட கையோ இழுத்துச்சு, தாண்டுச்சு, அப்புறம்தான் நம்பிக்கை வந்துச்சு.

இதுல இன்னொண்ணும் இருக்கு. கிட்டத்தட்ட அம்பது வருஷம் கழிச்சு, 2016ல, அதே ரெண்டு பேரும், மூளைக்குள்ள நடக்குறதையெல்லாம் பார்த்துட்டு, 'அன்னிக்கு நாங்க சொன்னது தலைகீழ்'னு எழுதுனாங்க. முடியாதுன்னு அந்த நாய் கத்துக்கிட்டதாத்தான் நெனச்சிருந்தாங்க. அப்படி இல்லியாம். விடாம அடிபட்டா சுருண்டு படுக்கறதுதான் பொறவிக் கொணமாம். 'நம்ம கையில ஏதோ இருக்கு'ங்கிறதைத்தான் கத்துக்கவே வேண்டியிருக்காம். அதனால நீ படுத்துட்டேன்னு உன்னைக் கோழைன்னு நான் சொல்லல. எவனா இருந்தாலும் படுப்பான். இழுக்க ஆள் வரலங்கிறதுதான் கோளாறு. நாய்ன்னு சொன்னேன்னு மட்டும் உங்க ஆத்தாகிட்ட போய்ச் சொல்லிடாதே. தங்கச்சி இன்னொரு தடவை மூக்கைச் சிந்திக்கிட்டு வருவா.

ஹவாயில கவாய்னு ஒரு தீவு. 1955ல அங்க பொறந்த 698 புள்ளைங்களை எமி வெர்னர்னு ஒரு அம்மா பல பத்து வருஷம் விடாம கூடவே பார்த்துக்கிட்டு வந்தாங்க. வறுமை, குடிகாரத் தகப்பன், சண்டைக்கார வீடுன்னு எல்லா இடியும் வாங்குன புள்ளைங்கள்ல மூணுல ஒரு பங்கு நல்லபடியா தலையெடுத்துச்சு. அதுங்களுக்கு என்ன மந்திரம்னு பார்த்தா, பெரும்பாலும் ஒரு பாட்டி, ஒரு வாத்தியார், ஒரு பக்கத்து வீட்டுக்காரர். யாரோ ஒருத்தர் விடாம பார்த்துக்கிட்டிருந்திருக்காங்க. மிச்சம் பேர்லயும், வாலிபத்துல தடம் மாறிப் போன பல பேர் முப்பது, நாப்பது வயசுக்குள்ள திரும்பி வந்துட்டாங்களாம். உனக்கு நாப்பத்தி மூணு. கொஞ்சம் லேட்டு, பஸ்ஸு இன்னும் போகல.

ஆனா எனக்குப் பிடிச்ச கதை அது இல்ல. ஆப்பிரிக்காவுல ஜிம்பாப்வே, அதுல ஹராரேன்னு தலைநகரம். டிக்ஸன் சிபாண்டான்னு ஒரு மனநல டாக்டர். நாடு முழுக்க அவரு படிப்புப் படிச்சவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். சோர்வு புடிச்ச சனமோ வீட்டுக்கு வீடு. 2006ல ஏதாவது செய்யலாம்னு போய் நின்னா, ஆஸ்பத்திரிக்குள்ள இடமும் இல்ல, நர்சும் இல்ல. அவருக்குக் கெடைச்சது 14 கெழவிங்க. சுகாதாரத் தொண்டு செஞ்சுக்கிட்டிருந்த பாட்டிங்க. உள்ள இடம் இல்லாததால வெளிய மரத்தடியில ஒரு மரப் பெஞ்சு. அவ்வளவுதான் மூலதனம். அந்த ஊர்ச் சனம் இந்தச் சீக்கை 'ரொம்ப யோசிக்கிறது'ன்னுதான் சொல்லுமாம். டாக்டர் பாஷை வேண்டாம், அதே பேச்சுல பேசுங்கன்னு பாட்டிங்க சொல்லிட்டாங்க.

பெஞ்சுல என்ன நடக்கும்? வந்தவ உட்காருவா. பாட்டி 14 கேள்வி கேப்பா. அழுதா அழ விடுவா. அப்புறம், இருக்குற தொல்லையெல்லாம் ஒவ்வொண்ணாச் சொல்லுன்னு வரிசையா வாங்கிக்கிட்டு, 'இதுல எதை மொதல்ல பார்க்கலாம், நீயே ஒண்ணு சொல்லு'ம்பா. ஒண்ணே ஒண்ணு. அதுக்கு என்ன பண்ணலாம்னு வந்தவளே சொல்லணும். அடுத்த தடவை வரும்போது 'பண்ணியா, என்ன ஆச்சு'ன்னு கேப்பா. இப்படி ஆறு தடவை. அப்புறம் ஒரு கூட்டத்துல சேர்த்துவிடுவாங்க. அங்க உட்கார்ந்து பழைய பிளாஸ்டிக்குல பை பின்னிக்கிட்டே பேசுவாங்க. வேடிக்கைன்னு நெனச்சுடாதே. 24 ஆஸ்பத்திரியில 573 பேரை வச்சு முறையா அளந்து, 2016ல அமெரிக்க மருத்துவ சங்கத்துப் பத்திரிகையில போட்டாங்க. ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா, கொஞ்சம் மேம்படுத்துன வழக்கமான கவனிப்பு மட்டும் கெடைச்சவங்கள்ல நூத்துக்கு 50 பேருக்கு மனச்சோர்வு இருந்துச்சு. பாட்டி பக்கத்துல உட்கார்ந்தவங்கள்ல நூத்துக்கு 14 பேருக்குத்தான்.

இதைப் பேத்தி சொன்னப்ப உங்க அத்தை அடுப்படியிலேர்ந்து கரண்டியோட வந்துட்டா. 'அம்பது வருஷமா இந்தத் திண்ணையில நானும் உட்கார்ந்துதான் பேசுறேன், ஒருத்தனும் ஆராய்ச்சி பண்ண வரலியே'ன்னு கேட்டா. ஒரு வித்தியாசம் இருக்கு, மெதுவாச் சொல்றேன், அவளுக்குக் காது கூர்மை: அந்தப் பாட்டிங்க கேப்பாங்க. இவ பேசுவா. 'நாங்கெல்லாம் அந்தக் காலத்துல படாத கஷ்டமா'ன்னு தொடங்குனா, வந்தவன் தன் கஷ்டத்தை வாசல்லயே விட்டுட்டு ஓடிடுவான். அவங்க குடுத்தது புத்திமதியே இல்ல மாப்ளே. 'உன் தொல்லையில ஒண்ணைத் தூக்கலாம், அடுத்த வாரமும் நான் இங்கதான் உட்கார்ந்திருப்பேன்'ங்கிற பேச்சுதான். புத்திமதி தர்றதுக்குத்தான் ஊருக்கு ஒரு கெழவன் என்னாட்டம் இருக்கானே.

இப்ப சிரிக்காம ஒண்ணு கேக்குறேன், நீயும் சிரிக்காம பதில் சொல்லு. செத்துப் போயிடலாம்னு தோணுச்சா?

தரையைப் பார்க்காதே. கேட்டா அந்த நெனப்பை நாமளே விதைச்சதா ஆயிடும்னு ஊர்ல சொல்லுவாங்க. ஆகாதாம், நேராக் கேட்டா ஆளுக்குப் பாரம் கொறையுமாம். ...சரி. ஒண்ணு ரெண்டு தடவை தோணுச்சு. சொன்னியே, அது போதும். சாயங்காலம் உன் வீட்டுக்கு வரேன். மாட்டுக் கொட்டகையில வச்சிருக்கியே பூச்சிமருந்து, அத்தனையும் என் பெட்டிக்கு வருது. சாவி உங்க அத்தைகிட்ட. அவகிட்ட ஒரு பொருளை வாங்குறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். இதுல ரோஷப்பட ஒண்ணும் இல்ல. காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்கள்ல, சென்னையில சிநேகாங்கிற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்குனவங்கள்ல ஒருத்தரான டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழு, மருந்தை வீட்டுல வைக்காம ஊருக்குப் பொதுவான எடத்துல பூட்டி வைக்கிற ஏற்பாடு செஞ்சு பார்த்திருக்காங்க. அந்த நெனப்பு அலையா வரும், அடிச்சுட்டுப் போயிடும். அது இருக்குற கொஞ்ச நேரத்துக்கு மருந்து கைக்கெட்டாம இருந்தாலே பல உசுரு தப்பிச்சுடும்.

ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் இல்ல, பசி இல்ல, புடிச்ச எதுலயும் புடிப்பு இல்லன்னா அது சோம்பேறித்தனமும் இல்ல, செய்வினையும் இல்ல, சீக்கு. உனக்கு மூணு மாசம் ஆச்சு. திண்ணைக் கெழவனை நம்பிக்கிட்டு டாக்டர்கிட்ட போகாம இருந்தேன்னா, என் கைமாத்து செல்லாது. 14416ன்னு ஒரு மனநல உதவி நம்பர், டெலி மானஸ், 2022லேர்ந்து இருக்கு. தமிழ்லயே பேசலாம், ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பாங்க. அந்த நேரத்துல உனக்கு வேற யாரும் எடுக்க மாட்டாங்க, நான் கொறட்டை விட்டுக்கிட்டு இருப்பேன். 104க்கும் அடிக்கலாம். ஆஸ்பத்திரியில மாத்திரை குடுத்தா, தின்ன மறுநாளே 'ஒண்ணும் கேக்கல'ன்னு தூக்கிப் போடாதே. ரெண்டு, நாலு வாரம் கழிச்சுத்தான் பலன் தெரியும். நெட்டைக் கன்னு வச்சுட்டு ஆறு வருஷம் காத்திருந்த ஆளுக்கு நாலு வாரம் ஒரு கணக்கா? நிறுத்தணும்னாலும் டாக்டரைக் கேட்டுத்தான் நிறுத்தணும், டீக்கடையில கேட்டு இல்ல.

அந்த ரெண்டு மணிக் கூட்டத்துக்கு ஒரு வழி இருக்கு. கவலைப்படாதேன்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா நீ கேக்கப் போறியா? நல்லா கவலைப்படு. ஆனா சாயங்காலம் அஞ்சிலேர்ந்து அஞ்சரை வரைக்கும். அமெரிக்காவுல தாமஸ் போர்கோவெக்னு ஒருத்தரும் அவரு கூட்டாளிங்களும் 1983லயே இதை எழுதிட்டாங்க. தெனம் ஒரே நேரம், ஒரே எடம், அரை மணி. மத்த நேரத்துல எந்தக் கவலை வந்தாலும் 'ஐயா, அஞ்சு மணிக்கு வாங்க, இப்ப ஆபீஸ் லீவு'ன்னு திருப்பி அனுப்பிடணும். நோட்டுல பேரை மட்டும் எழுதி வச்சுக்க. அஞ்சு மணிக்கு நோட்டைப் பிரிச்சுக்கிட்டு உட்காரு, படுக்கையில வேண்டாம், நம்ம களத்து மேட்டுல. மொதல் வாரம் கவலைங்க கேக்காது, அடம்புடிக்கும். எந்த ஆபீஸ்ல மொத தடவையே வேலை முடியுது? அலைய விடு.

அதுல ஏதாவது ஒண்ணை எடுப்போம், ஒண்ணே ஒண்ணு. எதைன்னு நீ சொல்லு. குழுக் கடனா? அது வேண்டாம், அது பெரிசு, அதை உன் பொண்டாட்டியும் நானும் சேர்ந்து சொசைட்டி செக்ரட்டரிகிட்ட போய்ப் பேசுற நாள் வேற. ...வண்டா? சபாஷ். கையில தொடக்கூடிய ஒண்ணைச் சொன்னே பாரு.

நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு சுளுக்கியை எடுத்துக்கிட்டு வா. மேற்குப் பக்கத்து வரிசையில மூணு கன்னு. மூணே மூணு. குருத்துல ஓட்டை இருக்கான்னு பாரு, வண்டு இருந்தா குத்தி வெளிய எடு, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு மணல் ரெண்டு பங்கு கலந்து குருத்தடி மட்டை இடுக்குல போடு. நாலாவது கன்னைத் தொட்டேன்னா திட்டுவேன். நேத்து வரைக்கும் படுத்துக் கெடந்தவன் இன்னிக்குத் தோப்பையே புரட்டுறேன்னு எறங்கி, மறுநாள் முதுகு வலிச்சு 'நான் எதுக்கும் லாயக்கில்ல'ன்னு திரும்பப் படுத்துடுவே. உன் சங்கதி எனக்குத் தெரியாதா? மனசு வரலன்னாலும் வா. மனசு வேணும்னா பின்னால வரட்டும், அதுக்குத் தோப்பு வழி தெரியும்.

நான் வரப்புல உட்கார்ந்திருப்பேன். உதவிக்கு இல்ல, எண்ணறதுக்கு.

பத்து மணி பஸ்ஸுக்கு ஆஸ்பத்திரி. உங்க அத்தையும் வர்றேங்கிறா. டாக்டர்கிட்ட உன்னைப் பேச விட மாட்டா, அதனால அவளை வெளிய பெஞ்சுல உட்கார வச்சுடுவோம். அங்க நாலு பேர் கிடைப்பாங்க, அவளுக்கும் ஹராரே ஆசை தீரும். டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்குக் காசு கெடையாது, அவ செலவு இல்ல. உனக்கும் எனக்கும் நீ எடு.

என்ன முழிக்கிறே? நான் கைமாத்துத் தர்றேன்னு சொன்னது அந்த ஒண்ணு மட்டும்தான் மாப்ளே. பஸ் சார்ஜ் உன்னது.